மூச்சு வெட்டியவன்

அவள் மூச்சை வெட்டுவதுதான் என் வேலை.
திரிபுரேஸ்வரில், மாடிப்படிக்குக் கீழே ஒலிப்பதிவுக் கூடம்.
கையில் சவர பிளேடு, எதிரே சுழலும் பழுப்பு நாடா.
கதாநாயகிக்கு மூச்சு வாங்கக் கூடாது என்பார் தயாரிப்பாளர்,
அவள் மலையேறிக்கொண்டே பாடினாலும்.
ஒவ்வொரு வரிக்கு முன்னும் ஒரு சின்ன இழுப்பு இருக்கும்.
அதை நறுக்கி எடுத்துவிட்டு
அதே நீளத்துக்கு வெற்று நாடாவை ஒட்டுவேன்.

ஜுனேலி துலுங்.
ஜிரி வரை மூன்று நாள் நடந்து
அங்கிருந்து பஸ் கூரையில் வந்தவள்.
பெயருக்கு நிலவொளி என்று பொருள்;
வந்த அன்று முகமெல்லாம் புழுதி.
மைக் எட்டவில்லை.
மண்ணெண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டோம்.
அதன்மேல் ஏறி நின்று அவள் பாடியது
மழையில் நனைந்து ஆடும் ஒரு பணக்காரப் பெண்ணின் பாட்டு.
மூன்றாவது டேக்கில் ஓகே.
உறையில் முந்நூறு ரூபாய்.
எண்ணவில்லை, முகர்ந்து பார்த்தாள்.

அப்புறம் பதினொரு நாயகிகள்.
ஒருத்தி அவளைவிடப் பத்து வயது மூத்தவள்.
எல்லோருக்கும் இவள்தான் தொண்டை.
அவர்கள் காதலித்தார்கள், ஆற்றில் விழுந்தார்கள்,
படத்துக்குப் படம் செத்தார்கள்.
இவள் கதவைத் திறந்து வெளியே போய்
காரம் கூடுதலாகக் கேட்டு மோமோ தின்றாள்.
தரானில் தியேட்டர் வரிசையில் நின்றபோது
முன்னால் நின்றவன் இவள் பாட்டைச் சீட்டியடித்தானாம்.
சுருதி தப்பியிருக்கிறது; தோளைத் தட்டித் திருத்தினாளாம்.
"நீ யார் சொல்ல?" என்றானாம்.
மைக் முன்னாலேயே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.
அந்தச் சிரிப்பும் நாடாவில் ஏறியிருந்தது.
வெட்டினேன்.

எங்களிடம் மாதல் மேளம் வாசித்த கர்ணஜித்தை மணந்தாள்.
ஏழு மாத வயிற்றோடு ஒரு தாலாட்டு.
அன்று இரண்டு உயிருக்குச் சேர்த்து மூச்சு வாங்கினாள்.
முப்பத்தொரு துண்டுகள்.
வேறெந்தப் பாட்டுக்கும் நான் எண்ணியதில்லை.

கர்ணஜித் கத்தாருக்குப் போனான்,
வார் தளர்ந்த மாதலை அலமாரி மேல் ஏற்றிவிட்டு.
கடிதமும் பணமும் வந்தன.
பிறகு பணம் மட்டும்.
பிறகு கம்ப்யூட்டர் வந்தது, என் பிளேடு துருவேறியது,
ஊரில் பாதி நாள் மின்சாரம் இல்லை,
இருந்த நேரத்தில்
பம்பாயில் பயின்ற பெண்களைக் கூப்பிட்டார்கள்.

கோங்கபு பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஒரு தோஹோரி விடுதியில் இரவு எட்டு முதல் பன்னிரண்டு வரை பாடினாள்.
குடித்திருந்த ஒருவன் ஐம்பது ரூபாயை மேடைமேல் எறிந்து
அந்த மழைப் பாட்டைக் கேட்டிருக்கிறான்,
படத்தில் வருகிற மாதிரியே வேண்டுமாம்.
பாடினாள்.
"குரல் பரவாயில்லை,
ஆனால் அவள் இப்படி நடுவில் மூச்சு வாங்கமாட்டாள்" என்றானாம்.
இதைச் சொல்லும்போது ஜுனேலி சிரிக்கவில்லை.
நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாக மாதம் கழுத்தில் கட்டி எடுத்தார்கள்.
பிழைத்தாள். குரல் பிழைக்கவில்லை.
மகன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து என் வாசலில் விட்டுப் போனான்.
உட்கார்ந்ததும் கேட்டாள்:
"அந்தத் துண்டுகளை என்ன செய்தீர்கள், தாஜு?"

பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது:
பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தேன்,
நிலநடுக்கத்தில் போய்விட்டது என்று.
உண்மையைச் சொன்னேன்.
தரை பெருக்கிய பையன் தினமும் அள்ளிப்போய்
பாக்மதிக் கரையில் அவன் அம்மாவின் அவரைப் பந்தலில் கட்டினான்,
குருவி விரட்ட.
காற்றடித்தால் பளபளவென்று துடிக்கும்.

தையல் தழும்பில் விரலை வைத்துக்கொண்டாள்.
சொல் வெறும் காற்றாக வந்தது:
"குருவிகள் பயந்தனவா?"
இல்லை என்றேன்.

மூச்சு வாங்கினாள், நீளமாக.
என் வலது கை
மேசைமேல் இல்லாத பிளேடைத் தேடியது.